அடுத்த பாகம் எப்போண்ணே?

போன இதழ்ல போற போக்குல ஒரு வரி கேம் பத்தி எழுதினேன், அவ்ளோதான். இந்த வாரம் வந்த கேள்வில முக்கால்வாசி அதேதான், அதுலயும் தனியா உக்காந்து விளையாடுற ஆர்.பி.ஜி. பத்தி, அதாவது கதைல ஒரு பாத்திரமா நாமளே எறங்கி முடிவெடுத்து ஆடற வீடியோ கேம். பட்டா மாறுதல் பத்தி கேட்டவங்க அடுத்த வாரம் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்க.

கேள்வி: அண்ணா, விட்சர் 3 மூணு தடவ முடிச்சிட்டேன், அப்புறமா வந்த கூடுதல் கதை, அந்த ரெண்டு டிஎல்சியும் சேத்து. நாலாம் பாகம் ட்ரெய்லர் பாத்ததுலேர்ந்து வேற எதுலயும் மனசு ஒட்டல. எது போட்டாலும் அரை மணி நேரத்துல அன்இன்ஸ்டால். அது வர்ற வரைக்கும் என்ன பண்றது? (வில்லியனூர் வாசகர்)

பதில்: தம்பி, மொதல்ல காலண்டர பாத்துடுவோம். ட்ரெய்லர் வந்தது 2024 டிசம்பர், 2026 முடியறதுக்கு முன்னாடி கேம் வராதுன்னு சிடி ப்ராஜெக்ட் கம்பெனியே சொல்லியாச்சு. மூணாவது வந்தது 2015 மே. அந்த ஜூன்ல ஒண்ணாங்கிளாஸ் சேந்த புள்ள, நாலாவது வர்றப்ப சீக்கிரம் வந்தாலே ப்ளஸ் டூ பரிட்சை எழுதிட்டு இருக்கும்.

ஆனா உன் பிரச்சினை தேதி இல்லன்னு நினைக்கறேன். நீ விட்சர் மாதிரியே இன்னொண்ணு தேடுற, பெரிய மேப்பு, குதிரை, முதுகுல ரெண்டு கத்தி, அதெல்லாம் இருக்கற கேம் கொள்ளையா கெடக்கு, அதான் அரை மணி நேரத்துல தூக்கிப் போடுற. உன்னை மூணு தடவ முடிக்க வச்சது குதிரையா? ஆரம்பத்துலயே ஒயிட் ஆர்ச்சர்ட்னு ஒரு ஊர் வருமே, அங்க மூலிகை வைத்தியம் பாக்கற அம்மா வீட்டுல லீனான்னு ஒரு பொண்ணு கிரிஃபின்னு ஒரு பறக்கற மிருகம் அடிச்சு சாகக் கெடக்கும், நம்மகிட்ட இருக்கற மருந்து விட்சருங்களுக்குன்னு, அதாவது நம்ம ஹீரோ மாதிரி பூதம் வேட்டையாடறவங்களுக்குன்னு செஞ்சது, சாதாரண மனுஷ ஒடம்புக்கு அது விஷம், குடுத்தா பொழைச்சாலும் பொழைக்கலாம் இல்ல துடிச்சு சாகலாம். குடுத்தியா இல்லயா, எதுவோ பண்ணிட்டு அடுத்த வேலைய பாக்கப் போயிட்ட. எத்தனையோ மணி நேரம் கழிச்சு, வேற சீமைல ஒரு பட்டாளத்து முகாம்ல, யாரோ ஒரு சிப்பாய் உன்ன நிறுத்தி அந்தப் பொண்ணு கதி என்னாச்சுன்னு சொல்றான். நான் மருந்து குடுத்தவன், அவன் சொன்ன பதில கேட்டுட்டு கண்ட்ரோலர கீழ வச்சிட்டேன். நல்லது பண்ணேனா கெட்டது பண்ணேனான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

நான் ஆர்.பி.ஜி.க்கு வச்சிருக்கற ஒரே பரிட்சை அதான்: நான் பண்ணத அந்த கேம் ஞாபகம் வச்சிருக்கா? டிராகன் இருக்கா, மேப்பு எத்தனை சதுர கிலோமீட்டர், அதெல்லாம் அப்புறம். இந்தக் கணக்குல பாத்தா நீ அடுத்து போட வேண்டியது பால்டர்ஸ் கேட் 3. குதிரை கிடையாது, சண்டை செஸ் மாதிரி மொற வச்சு ஆடணும், மொத ரெண்டு மணி நேரம் கடுப்பா இருக்கும், பல்ல கடிச்சிக்கிட்டு தாண்டு. அதுல பொணத்தோட பேசற மந்திரம் ஒண்ணு இருக்கு. எதிரில கெடக்கற பொணத்த கேள்வி கேட்டு துப்பு வாங்கலாம்னு ஜம்முனு போனேன், அது வாயே தெறக்கல, ஏன்னா அந்த ஆள கொன்னதே நான்தான். அப்புறம் வேஷம் மாத்துற மந்திரம் போட்டு வேற மூஞ்சியோட போய் நின்னா கடகடன்னு பேசுது! இத யோசிச்சு எழுதி வச்சவன் கையில ஒரு மோதிரம் போடலாம். இன்னொண்ணு, அதோட ரெண்டாம் பாகம் வந்தது 2000ல, மூணாவது 2023 ஆகஸ்ட்ல, அதுவும் வேற கம்பெனி கையில, பெல்ஜியத்துல இருக்கற லேரியன். இருவத்திமூணு வருஷம் காத்துக் கெடந்தவங்கள நினைச்சுக்க, நீ இப்பதான் வரிசைல வந்து நின்னிருக்க.

கேள்வி: எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6? (ஒரே வரி கார்டு, நெய்வேலி)

பதில்: 2018 ஜூன்ல ஒரு மலையையும் ஒரு பேரையும் காட்டினாங்க, ஒரு நிமிஷம் கூட இல்ல. அத நம்பி நாளு எண்ணாதீங்க.

அதோட அஞ்சாம் பாகம் ஸ்கைரிம் பத்தி எனக்கு ஒரு வயித்தெரிச்சல் இருக்கு, அத இங்க இறக்கி வச்சிக்கறேன். அது வந்தது 2011 நவம்பர் 11. சென்னைல இருந்த மச்சான் டிவிடி வாங்கிட்டு வந்தான், நான் திருப்பாதிரிப்புலியூர்ல மாடி ரூம்ல ஒன்றரை மாசமா ராப்பகலா உக்காந்து லெவல் நாப்பத்தி ஒண்ணு ஏத்தி, கேம்ல வர்ற ஒயிட்ரன்ங்கற ஊர்ல அஞ்சாயிரம் காசு குடுத்து வீடு வாங்கி, லிடியான்னு நம்ம மெய்க்காவல் பொண்ண வீட்டுக்கு காவல் வச்சி, சொந்த வீட்டுக்கு வெள்ளையடிக்காதவன் அந்த வீட்டுல புத்தகம் அடுக்கிட்டு இருந்தேன். டிசம்பர் 30 விடியக்காலைல தானே புயல். நம்ம கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரையேறினது, மாடித் தகரம் பறந்து எதிர்வீட்டு கொய்யா மரத்துல போய் மாட்டிக்கிச்சு, பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சி கெடந்துச்சு, எங்க தெருவுக்கு கரண்ட் வர பதினெட்டு நாள். வந்த அன்னிக்கு ஹை வோல்டேஜ்ல எஸ்எம்பிஎஸ் டப்புனு வெடிச்சிடுச்சு. சரி, அது பவர் சப்ளைதானே, ஹார்ட் டிஸ்க் நல்லாதான் இருக்கும்னு தூக்கிட்டுப் போய் ஒரு கடைல குடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு போனா அந்த ஆளு சிரிச்சிக்கிட்டே, "சார், கேக்காமலேயே ஃபார்மேட்டும் பண்ணிட்டேன், இனிமே புதுசு மாதிரி ஓடும்"ங்கறார். ஃப்ரீ சர்வீஸாம்! ஊரே கூரை இல்லாம கெடக்கறப்ப லிடியா போயிட்டான்னு யாருகிட்ட அழறது, கம்முனு இருந்துட்டேன்.

ஆறாவது வர்ற வரைக்கும் ஏங்கறவங்க, ஸ்கைரிம் ஏற்கனவே கைல இருந்தா எண்டெரால்னு ஒரு மோட் (இருக்கற கேம ரசிகருங்க மாத்திப் பண்றது) இருக்கு, ஜெர்மனிக்காரங்க ஸ்கைரிம பிரிச்சு முழுக்க வேற உலகம், வேற கதைன்னு 2016ல பண்ணது, காசு கிடையாது. கதைல அது ஸ்கைரிமையே தூக்கி சாப்பிடும்ங்கறது என் கட்சி.

கேள்வி: என் பையன் பதினொண்ணாவது படிக்கிறான். ஃப்ரெண்டுங்களோட விளையாடினா கூட பரவால்ல தம்பி, ராத்திரில தனியா உக்காந்து ஸ்கிரீன்ல எதையோ படிச்சுப் படிச்சு பட்டன் அமுக்கறான். சில நேரம் எந்த பதில அமுக்கறதுன்னு பத்து நிமிஷம் யோசிக்கறான். பயமா இருக்கு. (மஞ்சக்குப்பம் வாசகி)

பதில்: அக்கா, நீங்க சொல்றத பாத்தா புள்ள நல்ல கேம்தான் விளையாடறான். ஆன்லைன்ல பத்து பேரோட சுடற கேம்னா சாப்பிடக் கூப்பிட்டா "இரும்மா மேட்ச் ஓடுது"ன்னு கத்துவான், பாதில எழுந்தா கூட இருக்கறவன் திட்டுவான். இதுல ஒரு பட்டன தட்டினா உலகமே நின்னுடும், சோறு தின்னுட்டு கை கழுவிட்டு வந்து தொடரலாம். அதனால கூப்பிட்டா எழுந்து வரணும்னு சட்டம் போடுங்க, சாக்கு சொல்ல அவனுக்கு வழியே கிடையாது. பத்து நிமிஷம் யோசிக்கறது வியாதி இல்லக்கா, அங்க அவன் எதையாவது சொன்னா ஒரு ஆளு சாவான் இல்ல பொழைப்பான், அதான்.

ஒண்ண மட்டும் பாருங்க. விட்சர் 3, பால்டர்ஸ் கேட் 3 ரெண்டுக்கும் ஐரோப்பால பதினெட்டு வயசுக்கு மேலன்னு முத்திரை குத்திருக்காங்க, ரத்தமும் படுக்கையும் ரெண்டும் உண்டு. என்ன கேம்னு பேர கேட்டு தெரிஞ்சிக்கங்க. அண்டர்டேல்னு ஒண்ணு இருக்கு, 2015ல வந்தது, பாக்க பழைய வீடியோ கேம் மாதிரி கட்டம் கட்டமா இருக்கும், எதிர்ல வர்ற ஒருத்தரையும் கொல்லாமலே பேசிப் பேசி முடிக்கலாம். நீங்களே அவன் பக்கத்துல உக்காந்து பாக்கலாம்.

கேள்வி: எங்க தாத்தா சொல்தா, பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவரு, பிரெஞ்சு பென்ஷன். எக்ஸ்பெடிஷன் 33 பிரெஞ்சு கேம்னு சொல்றாங்களே, அவர பக்கத்துல வச்சுக்கிட்டு விளையாடலாமா? (முத்தியால்பேட்டை)

பதில்: கட்டாயம், ஆடியோவ பிரெஞ்சுக்கு மாத்தி வச்சுட்டு அவர உக்கார வையி. 2025 ஏப்ரல்ல வந்தது, மோன்பெலியேல இருக்கற ஒரு சின்ன ஸ்டூடியோ, அந்த வருஷத்தோட சிறந்த கேம்னு தி கேம் அவார்ட்ஸ்லயும் வாங்கிட்டாங்க. கதை இதுதான்: தூரத்துல ஒரு ராட்சசி மாதிரி ஒருத்தி வருஷா வருஷம் ஒரு எண்ண எழுதுவா, போன வருஷத்த விட ஒண்ணு கம்மி, அந்த வயசுக்காரங்க எல்லாம் பூவிதழா உதிர்ந்து காத்துல போயிடுவாங்க. அதுக்குப் பேரு கொமாஜ். தாத்தாகிட்ட கேளு, கொம்னா ரப்பருப்பா, கொமாஜ்னா அழிக்கறதும்பார். அந்த ஒரு சொல்லோட வலி இங்கிலீஷ்ல விளையாடறவனுக்கு பாதிதான் எட்டும்.

மொத அரை மணி நேரத்துல சண்டையே பெருசா இல்ல. குஸ்தாவ்னு ஒருத்தன், பழைய காதலி சோஃபி, அன்னிக்கு அவளுக்கு கடைசி நாள், ரெண்டு பேரும் கூட்டத்துக்குள்ள பேசிக்கிட்டே துறைமுகத்துக்கு நடந்து போவாங்க. திருவிழா மாதிரி பூ தோரணம் வேற. சாயங்காலம் பாண்டி பீச் ரோட்டுல கூட்டத்தோட நடந்தவங்களுக்கு அந்த நடை நல்லாவே புரியும். நான் மேல சொன்ன பரிட்சைல இது தேறாது, நாம பண்றத பெருசா ஞாபகம் வச்சுக்காது, அவங்க கதைய அவங்க சொல்லிட்டு போறாங்க. பரவால்ல, என் பரிட்சைதான் தப்புன்னு இதுக்கு மட்டும் ஒத்துக்கறேன். அடி விழறப்ப சரியா அந்த நொடில பட்டன் தட்டித் தடுக்கணும், அது தாத்தாவுக்கு ஆகாது, உன் வேலை.

கேள்வி: பழைய லேப்டாப், கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, பாக்கெட்லயும் பெருசா ஒண்ணும் கிடையாது. என்ன விளையாடறது? (கடலூர் ஓ.டி.)

பதில்: உனக்குதான் யோகம், நல்ல கேம் பாதி பழசுதான். க்ரோனோ ட்ரிக்கர், 1995ல ஜப்பான்ல வந்தது, இப்ப ஃபோன்லயே ஓடுது. ஆரம்பத்துல ஒரு பொருட்காட்சி வரும், நம்ம தேவனாம்பட்டினம் பீச்ல சீசன்ல கடை போடற மாதிரி. அங்க ஒரு ஆளோட சாப்பாடு மேசை மேல இருக்கும், கேம்னாலே கண்ணுல பட்டத எடுத்துக்கறதுதானேன்னு நீ எடுத்து தின்னுடுவ. ஒரு சின்னப் பொண்ணு பூனைய காணோம்னு நிக்கும், நமக்கென்னன்னு தாண்டிப் போவ. கொஞ்ச நேரம் கழிச்சு உன்ன கோர்ட்ல நிறுத்துவாங்க பாரு, அங்க அந்த சாப்பாடும் வரும், அந்தப் பூனையும் வரும், சாட்சியோட! முப்பது வருஷம் முன்னாடியே இத பண்ணிட்டாங்க, இன்னிக்கு இருநூறு ஜிபி கேம்ல பாதிக்கு இந்த புத்தி இல்ல.

அப்புறம் ஃபால்அவுட் நியூ வேகாஸ், 2010, சுமார் பதினெட்டு மாசத்துல அவசர அவசரமா செஞ்சது, நடுவுல திடீர்னு மூடிக்கும், அதனால அடிக்கடி சேவ் பண்ணு. முடிவுல நீ போன ஒவ்வொரு ஊரும் உன்னால என்னாச்சுன்னு வரிசையா சொல்லிட்டுப் போகும். இங்கிலீஷ் படிக்க சலிச்சுக்க மாட்டேன்னா டிஸ்கோ எலிசியம், சண்டையே இல்லாத போலீஸ் கதை. ஹீரோ குடிச்சுட்டு எல்லாம் மறந்து எழுந்திருப்பான், அவன் டை மேல ஃபேன்ல மாட்டிக்கிட்டு சுத்திட்டு இருக்கும், அத எடுக்கப் போய் மாரடைப்புல செத்து கேமே முடிஞ்சிடுச்சு எனக்கு. ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம்! சிரிச்சு சிரிச்சு வீட்டுல எல்லாரும் எட்டிப் பாத்தாங்க.

ஸ்டீம்னு கேம் விக்கற ஆன்லைன் கடைல ஜூன் கடைசிலயும் டிசம்பர் கடைசிலயும் சேல் வரும், அப்ப வாங்கு. வாங்கி பதினாலு நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்கு கம்மியா ஓட்டிருந்தா காசு திரும்பக் கேக்கலாம். உன் லேப்டாப்ல ஓடுதான்னு பாக்க அதான் வழி, நாலு பேர கேக்காத.

கேள்வி: பிடிச்ச கேமோட அடுத்த பாகத்துக்கு, வர்றதுக்கு முன்னாடியே காசு கட்டி ப்ரீ ஆர்டர் போடலாமா? (நெல்லித்தோப்பு)

பதில்: வேணாம். சைபர்பங்க் 2077 வந்தது 2020 டிசம்பர் 10, பக், அதாவது கேம்ல இருந்த கோளாறு தாங்காம ஒரு வாரத்துல சோனி தன் கடைலேர்ந்தே எடுத்துட்டாங்க. அதே கேம் 2023 செப்டம்பர்ல 2.0 அப்டேட்டுக்கு அப்புறம் தங்கம். மூணு வருஷம் கழிச்சு வாங்கினவன் காசும் கம்மி, கேமும் முழுசு. டிஜிட்டல் சரக்கு தீர்ந்தா போயிடப் போகுது?

கேள்வி: அண்ணே, கிங்டம் கம் டெலிவரன்ஸ் 2 நல்லாருக்குன்னு எல்லாரும் சொல்றானுங்க. மொத பாகம் விளையாடியே ஆகணுமா, நேரா ரெண்டாவதுக்குப் போயிடலாமா? (அரியாங்குப்பம்)

பதில்: ரெண்டாவது வந்தது 2025 பிப்ரவரி, மொதலாவது முடிஞ்ச எடத்துலேர்ந்தே ஆரம்பிக்குது, சுருக்கம் சொல்லிடறாங்க, நேரா போனாலும் புரியும். இருந்தாலும் மொதல்லேர்ந்து வா. 1403, பொஹிமியா, இன்னிக்கு செக் நாடு, பூதம் மந்திரம் ஒண்ணும் கிடையாது, ஹென்றின்னு ஒரு கொல்லன் பையன், ஒரு மண்ணும் தெரியாது. படிக்கவே தெரியாதுன்னா பாரு! புத்தகத்த தெறந்தா எழுத்தெல்லாம் எடம் மாறி உளறலா தெரியும், ஒரு எழுத்தர்கிட்ட போய் கத்துக்கிட்ட பெறகு கொஞ்சம் கொஞ்சமா வரி நேராகும். நீ ரெண்டாவதுலேர்ந்து ஆரம்பிச்சா அந்த சந்தோஷம் போச்சு.

சேவ் பண்ணணும்னா பெட்டுல படுக்கணும், இல்ல ஒரு மூலிகை சரக்கு குடிக்கணும், குடிச்சா சேவ் ஆகும், ரொம்ப குடிச்சா ஹென்றிக்கு போதை ஏறி தள்ளாடுவான். இத பாண்டிக்காரனுக்கு நான் விளக்கணுமா? மொத வேலையே அப்பாவுக்கு குனேஷ்னு ஒரு குடிகாரன் தர வேண்டிய கடன வசூல் பண்றது, போனா மூஞ்சிலயே குத்துவான். அடி வாங்கினா உடனே லோடு பண்ணாத. ஊர்ல உன் கூட்டாளிங்க மூணு பேர் இருக்கானுங்க, மொதல்ல அவனுங்களோட போய் ஒருத்தர் வீட்டு வெள்ளச் செவுத்துல சாணி அடிச்சுட்டு வா, அப்புறம் குனேஷ் வீட்டுக்கு நாலு பேரா போங்க.