வகுப்புக்குக் காசு கட்டும் முன் ஓர் ஆண்டறிக்கை

ஐயா, உங்கள் மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் இறுதி ஆண்டு படிக்கிறார். கொழும்பில் நடக்கும் நிதிப் பகுப்பாய்வாளர் வகுப்புக்குக் காசு கட்டலாமா, கட்டினால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்குக் கட்ட வேண்டாம். அங்கே சொல்லித் தருவதில் பெரும்பகுதியை வீட்டிலிருந்தே பழகலாம். பழகிய பிறகு போனால்தான் அந்த வகுப்பும் பிரயோசனப்படும்.

கம்பனி ஒன்றில் இந்த வேலைக்குச் சேருபவர் கணக்கு எழுதுவதில்லை. எழுதி முடித்த கணக்கை வைத்து, அடுத்த வருடம் கையில் எவ்வளவு காசு நிற்கும், புதுக் கிளை திறந்தால் போட்ட முதல் எப்போது திரும்பும், கடன் வாங்கலாமா என்று முகாமையாளருக்குச் சொல்ல வேண்டும். உயர்தரத்தில் கணக்கீட்டுக்கு ஏ எடுத்த பிள்ளைகளும் இங்கே தடுமாறுகிறார்கள். பரீட்சை வினாவில் தேவையான தரவெல்லாம் தந்திருப்பார்கள். வேலையில் அதைத் தேடி எடுப்பதே பெரும் வேலை.

கொழும்பு பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் கம்பனிகளின் ஆண்டறிக்கைகளும் காலாண்டுக் கூற்றுகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. மகள் கார்கில்ஸ் சூப்பர்மார்க்கெட் கம்பனியில் தொடங்கட்டும். யாழ்ப்பாணம் வைத்தியசாலை வீதியில் இருக்கும் அவர்களுடைய கட்டடத்துக்குள் எத்தனையோ தரம் போயிருப்பார், வியாபாரம் என்னவென்று தெரியும். ஐந்து வருட அறிக்கைகளை எடுத்து வருமானக் கூற்று (வருமானம், செலவு, இலாபம்), நிதிநிலைமைக் கூற்று (சொத்தும் பொறுப்பும்), காசுப்பாய்ச்சல் கூற்று (வந்து போன காசு) மூன்றையும் எக்செலில் தானே அடிக்க வேண்டும். ஆயத்தமாகக் கிடைக்கும் கோப்பு வேண்டாம். அடிக்கும்போதுதான் துணைக் கம்பனிகளையும் சேர்த்த குழுமத்துக்கு ஒரு நிரல், தனிக் கம்பனிக்கு ஒரு நிரல் என்று இருப்பதும், தொகைகள் ஆயிரத்தில் தரப்பட்டிருப்பதும் கண்ணில் படும். புதிதாக வருபவர்கள் அதிகம் பிழை விடுவது இந்த இரண்டிலும்தான்.

அப்புறம் அடுத்த மூன்று வருடத்துக்கான எதிர்வுகூறல். முதல் தரம் செய்யும்போது நிதிநிலைமைக் கூற்றின் சொத்துப் பக்கமும் பொறுப்புப் பக்கமும் அநேகமாகச் சமப்படாது. பலர் வித்தியாசத்தைக் காசு வரிசையில் போட்டு முடித்துவிடுகிறார்கள். அது மட்டும் கூடவே கூடாது. பெறுமானத்தேய்வு (கட்டடம், இயந்திரம் தேய்வதற்கான செலவு) இரண்டு தரம் கழிந்ததா, சரக்கு இருப்பு கூடியது காசுப்பாய்ச்சலில் விடுபட்டதா, கடன் தவணை எங்கே போனது என்று ஒவ்வொரு வரியாகத் தேடட்டும். இரண்டு மூன்று இரவுகள் போகலாம், போகட்டும். செய்முறைப் பயிற்சியில் ஆகப் பெறுமதியான பகுதி இதுதான்.

பிறகு சுன்னாகத்துக் கட்டடப் பொருள் கடை ஒன்றை யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாதம் 30 இலட்சத்துக்குக் கடனுக்கு விற்று, காசு இரண்டு மாதம் கழித்து வருகிறது என்றால் எப்போதும் 60 இலட்சம் வெளியே நிற்கும். கொழும்புச் சரக்குக்காரருக்கு ஒரு மாதத்தில் கட்ட வேண்டும். இலாபம் இருந்தும் கல்லாவில் காசில்லை. சூப்பர்மார்க்கெட்டில் நிலைமை மறுபக்கம்: வாடிக்கையாளர் உடனே கட்டுகிறார், சரக்குக்காரர் காத்திருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நடைமுறை மூலதனம், அதாவது அன்றாட வியாபாரத்தை ஓட்டத் தேவைப்படும் காசு, என்றால் என்னவென்று விளங்கிவிடும்.

அடுத்தது வட்டி. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கடன் வசதி வீதத்தை (வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டி) ஒரே நாளில் 7.5இல் இருந்து 14.5 சதவீதமாக்கியது. அதே வருடம் அரசாங்கம் குறுங்காலக் கடன் வாங்கும் திறைசேரி உண்டியலின் வட்டி 30 சதவீதத்தையும் தாண்டியது. ஒரு கோடி ரூபா கடனுக்கு 10 வீத வட்டி 25 வீதமானால் வருடச் செலவு 10 இலட்சத்திலிருந்து 25 இலட்சமாகும். கார்கில்ஸின் கணக்காண்டு மார்ச் 31இல் முடிவதால் இந்த அதிர்ச்சியை 2022/23 அறிக்கையில் பார்க்கலாம். மகள் தன் கோப்பில் வட்டி வீதத்தை மாற்றிப் பார்த்து, அந்த நேரத்தில் முகாமையாளர் என்ன செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு பக்கம் எழுதட்டும். நம் பிள்ளைகளுக்குக் கணக்கு வரும், அந்த ஒரு பக்கம்தான் வருவதில்லை. நேர்முகத்தில் அதற்குத்தான் மதிப்பு.

பயிற்சிக்கு உடனே கொழும்பு போக வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் ஆறு மாதம் கிடைத்தால் விடாதீர்கள். ஒரு வியாபாரம் கடனைத் திருப்பிக் கட்டுமா என்று பார்ப்பதும் இதே வேலைதான். கணக்காய்வு நிறுவனமும் நல்லது, ஆனால் அங்கே நடந்து முடிந்ததைத்தான் பார்ப்பார்கள்.

சிமா, சீஏ என்ற கணக்கியல் தொழில்முறைத் தகைமைகள் பற்றிப் பிறகு பேசுவோம். முதலீட்டுப் பகுப்பாய்வாளர்களுக்கான சிஎஃப்ஏ தகைமை பற்றியும் கேட்டிருந்தீர்கள்: மூன்று கட்டப் பரீட்சை, அதோடு குறைந்தது 36 மாதங்களில் 4,000 மணிநேர வேலை அனுபவமும் காட்ட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த பிறகு தொடங்கினால் போதும்.

வகுப்புக்கு ஒதுக்கிய காசைத் தொடாமல் வையுங்கள். கொழும்பில் வேலை கிடைத்தால் முதல் சில மாதங்கள் வெள்ளவத்தையில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சம்பளம் போதாமல் போகலாம், அப்போது உதவும். மகள் கோப்பை முடித்ததும் சமப்படாவிட்டாலும் பரவாயில்லை, எடுத்துக்கொண்டு வரட்டும். எங்கே பிழைத்தது என்று இருவரும் இருந்து பார்க்கிறோம்.