கோடியக்கரையில் ராக்கெட் விட்டால் என்ன?

கும்பகோணம்: 2017-ல் ஒரே பிஎஸ்எல்வி ராக்கெட்டில் 104 செயற்கைக்கோள்கள் போயினவே, எப்படி அடங்கின?

எண்ணைப் பார்த்து மலைக்காதீர்கள். அதில் 88, பிளானட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ‘டவ்’ வகை. ஒன்று 5 கிலோகூட இல்லை. கொள்முதல் நிலையத்தில் போடுகிற 40 கிலோ நெல் மூட்டைக்கு எட்டு டவ் ஈடு. பூமியைப் படமெடுக்கிற நம் கார்ட்டோசாட் மட்டும் 714 கிலோ. வண்டி பிடித்தது அதற்காக, மிச்ச இடத்துக்கு வாடகை வாங்கினோம்.

மன்னார்குடி: ஒரு கிலோ அனுப்ப எவ்வளவு ஆகும்?

இன்றைக்கு மூன்றாவது முறை இதே கேள்வி. ராக்கெட் விலையை எடையால் வகுத்து வாட்ஸ்அப்பில் வருகிற கணக்கை நம்பாதீர்கள். கூட்டத்தோடு போனால் மலிவு, ஆனால் வண்டி நிற்கிற இடத்தில்தான் இறங்க வேண்டும். தனியாகப் பிடித்தால் பாதையும் நேரமும் உங்கள் இஷ்டம், கூலி முழுதும் உங்கள் தலையில்.

வேதாரண்யம்: குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024-ல் அடிக்கல் நாட்டினார்கள். எங்கள் கோடியக்கரைக்கு என்ன குறை?

அட்லஸை விரித்து, கோடியக்கரையில் ஒரு நூலை வைத்து நேர்தெற்கே இழுங்கள். கொஞ்ச தூரத்திலேயே யாழ்ப்பாணத்தில் முட்டும். வட, தென் துருவங்களுக்கு மேலாகச் சுற்றுகிற துருவப் பாதைக்குத் தெற்கு நோக்கித்தான் போக வேண்டும். எரிந்து முடிந்த அடுக்குகள் கழன்று விழும், அவை ஆள் இருக்கிற ஊர் மேல் விழக்கூடாது.

ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இதே தொல்லைதான். பிஎஸ்எல்வி தென்கிழக்கே கிளம்பி, இலங்கையை ஒதுக்கிவிட்டு, அப்புறம் தெற்கே வளைகிறது. பாலம் உடைந்தால் பஸ் சுற்றிப் போகிற மாதிரி. ஆனால் நடுவானில் பெட்ரோல் பங்க் கிடையாது, வளைவுக்குச் செலவாவதைச் சுமையில் குறைக்க வேண்டியதுதான். பெரிய ராக்கெட் தாங்கும். 500 கிலோவை 500 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றுகிற சின்ன ராக்கெட்டான எஸ்எஸ்எல்விக்குக் கட்டுப்படியாகாது. இப்போது நூலைக் குலசேகரன்பட்டினத்தில் வையுங்கள். இலங்கை கிழக்கே ஒதுங்கிவிடும், கீழே கடல்தான்.

நாகப்பட்டினம்: மகன் பிளஸ் டூ. விண்வெளி படிக்க வேண்டுமாம்.

திருவனந்தபுரத்தில் இருக்கிற இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், சுருக்கமாக ஐஐஎஸ்டி. சேர்க்கை விவரம் அவர்கள் இணையதளத்தில்.

திருவாரூர்: நம் செயற்கைக்கோளை ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட்டில் அனுப்பியது வெட்கமில்லையா?

உங்கள் டிராக்டர் இழுக்காத சுமைக்குப் பக்கத்து வீட்டு டிராக்டரைக் கூப்பிட்டால் வெட்கமா? 2024 நவம்பரில் போன ஜிசாட்-என்2, 4,700 கிலோ. புவிநிலைப் பாதைக்கு முந்தைய நீள்வட்டப் பாதைக்கு நம் பெரிய ராக்கெட் எல்விஎம்3 ஏற்றுவது சுமார் 4,000. உக்ரைன் போருக்குப் பின் ரஷ்ய சோயுஸ் ராக்கெட் கைவிட்டபோது செயற்கைக்கோள் இணைய நிறுவனமான ஒன்வெப் நம்மிடம் வந்ததே, அதை யாரும் கேட்பதில்லை. அவர்கள் செயற்கைக்கோள்கள் 2022 அக்டோபரில் 36, 2023 மார்ச்சில் 36 ஏற்றிவிட்டோம்.

வேதாரண்யம் (மறுபடியும்): தெற்கே வேண்டாம், கிழக்கே விடலாமே?

விடாப்பிடிதான் நீங்கள்! விடலாம், கிழக்கே கடல்தான். ஆனால் அதற்கு ஸ்ரீஹரிகோட்டா ஏற்கெனவே இருக்கிறது. அப்புறம் கோடியக்கரை வெளிமான்களை எங்கே அனுப்புவீர்கள்?

நாகப்பட்டினம்: உப்பளத்துக்காரர்களையும் கேளுங்கள், ஐயா.

கேட்டாயிற்று. வேதாரண்யத்துக்காரரே பதில் சொல்லட்டும்.

சீர்காழி: ஒரு கிலோவுக்கு எவ்வளவு ஐயா?

மேலே மன்னார்குடிக்காரருக்குச் சொன்னதுதான்.