அந்தக் காரைத் துடைக்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

பரணைச் சுத்தம் செய்தபோது என் சிறுவயதுப் பொம்மைக் கார் கிடைத்தது. தரையில் நாலைந்து முறை தேய்த்துவிட்டால் 'ர்ர்ர்' என்று ஓடும் வகை. ஆறு வயது மகளிடம் ஆசையாகக் கொடுத்தேன். இரண்டு முறை ஓட்டினாள், "நல்லாருக்குப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மனசு என்னவோ போலாகிவிட்டது. இன்றைய பிள்ளைகளுக்குப் பொம்மைமேல் ஒட்டுதலே இல்லையா? இல்லை, எங்கள் காலத்துப் பொம்மைகள்தான் உசத்தியா?

அன்புடன்,
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

"நல்லாருக்குப்பா" என்றாளே, அதுவே உங்கள் மகளின் பெருந்தன்மை. அடுத்தவர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போது நாமும் அதைத்தானே சொல்கிறோம்.

உசத்தியெல்லாம் ஒன்றுமில்லை. உங்கள் காருக்குள் கனத்த இரும்புச் சக்கரம் ஒன்று இருக்கும். பல்சக்கரங்கள் வழியாக அது அச்சோடு சேர்ந்திருக்கும். தேய்க்கத் தேய்க்க வேகம் பிடிக்கும். கையை எடுத்ததும் அந்த வேகத்தில் வண்டியை இழுத்துக்கொண்டு ஓடும். பின்னால் இழுத்துவிடுகிற கார் வேறு சாதி, அதில் சுருள்வில். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், எட்டு வயதில் என்னுடையதைப் பிரித்துவிட்டேன். திருப்புளி கிடைக்கவில்லை, கத்தி முனைதான். அடித்தகடு விலகியதும் அந்த இரும்புச் சக்கரம் பொத்தென்று மடியில் விழுந்தது. விரலெல்லாம் கறுப்பாக மசகு. திரும்பப் பூட்டியபோது ஒரு பல்சக்கரம் மிஞ்சியது. தேவையில்லாததைத்தான் வைத்திருந்திருக்கிறார்கள் என்று முடிவுசெய்தேன்.

அதற்குப் பிறகு கார் ஓடவில்லை, சத்தமும் போய்விட்டது. சத்தத்தை நானே வாயால் போட ஆரம்பித்தேன். தலையணை மேட்டில் ஏறும்போது கியர் மாற்றினேன், திருப்பத்தில் பிரேக் அடித்தேன், எதிரே வந்தவனைத் திட்டினேன். ஓடிய கார் என்னிடம் இருந்தது சில வாரம். ஓடாத கார் நாலு வருஷம். இன்றைக்கு நினைவில் வருவது அந்த ஓடாத கார்தான்.

சிந்துவெளி அகழாய்வுகளில் சுடுமண்ணால் செய்த குட்டி வண்டிகள் கிடைத்திருக்கின்றன. 4,000 ஆண்டுக்கு மேல் பழையவை. வண்டி கிடைத்தது; அதை உருட்டிய பிள்ளை வாயால் போட்ட சத்தம் கிடைக்கவில்லை. உங்கள் மகள் கையில் நீங்கள் வைத்ததும் அப்படித் தோண்டியெடுத்த வண்டிதான்.

ஒட்டுதல் பற்றிக் கேட்டீர்கள். டொனால்ட் வின்னிகாட் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாய்வாளரும்கூட, 1953இல் வெளியான ஒரு கட்டுரையில், குழந்தை கைவிடாமல் பிடித்துக்கொள்ளும் போர்வைத் துண்டு, துணிப் பொம்மை ஆகியவற்றை ஆராய்ந்தார். 'இடைநிலைப் பொருள்' என்று பெயரும் வைத்தார். அது அழுக்கேறினாலும் நாறினாலும் தாய் அப்படியே விட்டுவிடுகிறாள், துவைத்தால் குழந்தைக்கு ஏதோ அறுந்துபோகும் என்று அவளுக்குத் தெரியும் என்கிறார். எங்கள் அம்மாவுக்குத் தெரியவில்லை. தங்கையின் துணி முயலைத் துவைத்து, இரண்டு காதிலும் கிளிப் மாட்டிக் கொடியில் தொங்கவிட்டாள். தங்கை கீழே நின்று, எக்கி, முயலின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். காய்ந்து கைக்கு வந்ததும் முகர்ந்து பார்த்தாள். "இது அது இல்ல" என்றாள். எச்சிலும் வியர்வையும் ஊறி அது மறுபடி 'அது' ஆவதற்குள் வீட்டில் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை.

வின்னிகாட் சொல்லும் இன்னொன்று உங்களுக்கானது. அந்தப் பொருளைக் குழந்தை மறப்பதும் இல்லை, இழந்துவிட்டோம் என்று துக்கப்படுவதும் இல்லை. அதன் அர்த்தம் மெல்ல வடிந்துவிடுகிறது. முயல் எப்போது காணாமல் போனது என்று தங்கைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. துக்கமெல்லாம் நாற்பது வயதில், பரணைச் சுத்தம் செய்யும்போதுதான்.

மகளின் படுக்கையை ஒருமுறை பாருங்கள். கண் பிய்ந்த பொம்மையோ, ஏதாவதொரு டப்பா மூடியோ, நைந்த துண்டோ தலையணைக்குப் பின்னால் கிடக்கும். குப்பை என்று எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

காரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். துடைத்துப் பளபளப்பாக்க வேண்டாம். ஒருமுறை திருப்பிப் பாருங்கள். இந்த வகைக் கார்களில் பின்சக்கர அச்சில் முடி சுற்றியிருக்கும். யாருடைய முடி என்று நினைவிருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.