1/72 டி-72 கிட்: பெட்டியைத் திறந்ததும் எதைப் பார்ப்பது? (கேள்வி பதில்)

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 'அஜேயா' என்ற பெயரில் உருவான டி-72எம்1 டாங்கியின் 1/72 பிளாஸ்டிக் கிட்டை (அசலை 72-இல் ஒரு பங்காகச் சுருக்கி, துண்டுகளாக வரும் ஒட்டு மாடல்) எப்படி எடைபோடுவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

அண்ணா, புது கிட் கைக்கு வந்ததும் முதல்ல எதைப் பார்ப்பீங்க? எல்லாரும் போல்ட், கைப்பிடின்னே பேசறாங்க.

கைப்பிடி அப்புறம். முதலில் அளவெடுக்கும் வெர்னியர் காலிப்பரை எடுங்கள். கிட்டின் குறைகளில் இரண்டு ரகம்: நம்மால் திருத்த முடிவது, திருத்தவே முடியாதது. பீரங்கிக் குழல் வாய் அடைத்திருக்கிறது, கைப்பிடி தடியாக இருக்கிறது என்பதெல்லாம் ஒரு சாயங்கால வேலை. டரட் (சுழலும் மேல் கோபுரம்) வடிவம், சக்கர விட்டம், ஹல்லின் (வண்டியின் உடல்) நீள அகலம் பிசகியிருந்தால் எத்தனை போல்ட் தலைகளை அழகாக வார்த்திருந்தாலும் அந்த கிட் தேறாது.

டி-72எம்1-க்கு நான் பார்க்கும் கணக்கு இது. குழல் முன்னோக்கி இருக்கும்போது மொத்த நீளம் 9.53 மீட்டர், 72-ஆல் வகுத்தால் 132 மி.மீ. ஸ்கர்ட்டோடு (பக்கவாட்டு மறைப்புத் தகடு) அகலம் 3.59 மீட்டர், அதாவது கிட்டில் 50 மி.மீ. ரோடு வீல் (டிராக்கின் மேல் உருளும் பெரிய சக்கரம்) விட்டம் 750 மி.மீ., கிட்டில் 10.4. டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) அகலம் 580, கிட்டில் 8. மொத்த நீளத்தில் அரை மில்லிமீட்டர் கூடக்குறைய இருந்தால் தூங்கப் போங்கள். அதே அரை மில்லிமீட்டர் சக்கரத்தில் என்றால் விஷயம் வேறு. அசலில் அது 36 மி.மீ.; ஒரு பக்கம் ஆறு சக்கரம் வரிசையாக நிற்கும்போது கண்ணை உறுத்தும்.

உயரத்தையும் விடாதீர்கள். டி-72 குள்ளமான வண்டி. தரையிலிருந்து டரட் கூரை வரை ஏறத்தாழ 2.2 மீட்டர்தான், கிட்டில் 31 மி.மீ. ஒட்டுவதற்கு முன் ஹல், சக்கரம், டரட் மூன்றையும் டேப் போட்டு நிறுத்திப் பாருங்கள். உயர்ந்து நின்றால் அந்தப் பதுங்கின தோரணை போய்விடும்.

என்கிட்ட பழைய 1/76 டாங்கிகள் நிறைய இருக்கு. 1/72-வை பக்கத்துல வைக்கலாமா சார்?

இதே டி-72 1/76-இல் 125 மி.மீ. வரும், 7 மி.மீ. குறைவு. தனித்தனி அலமாரி என்றால் யாருக்கும் தெரியாது. ஒரே டயோரமாவில் (காட்சி அமைப்பில்) வேண்டாம்.

டி-72எம், டி-72எம்1: கிட்ல எப்படிக் கண்டுபிடிக்கறது? பெட்டிப் படத்தை நம்பலாமா?

பெட்டிப் படத்தை நம்பவே வேண்டாம், ஸ்ப்ரூவை (பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டம்) பாருங்கள். எம்1-இல் முன்பக்கச் சரிவுத் தகட்டின் மேல் 16 மி.மீ. கூடுதல் கவசத் தகடு உண்டு. 1/72-இல் அது 0.22 மி.மீ.! சாதாரண ஏ4 தாள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்த கனம். நல்ல அச்சில் அந்த விளிம்பு நகத்தில் தட்டுப்படும். தேய்ந்த அச்சில் வெறும் கோடாக இருக்கும். இல்லையென்றால் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் வெட்டி ஒட்டலாம், இது திருத்த முடிகிற ரகம்.

அடுத்து டரட்டில் புகைக்குண்டுக் குழாய்கள்: எம்1-இல் பன்னிரண்டு, இடப்பக்கம் ஏழு, வலப்பக்கம் ஐந்து. சமமாக ஆறு ஆறு என்று இருந்தால் அச்சு செய்தவர் படத்தைப் பார்க்காமல் செய்திருக்கிறார். லூனா அகச்சிவப்பு விளக்கு குழலுக்கு வலப்பக்கம் வர வேண்டும். இடப்பக்கம் என்றால் அது 1970-களின் தொடக்க மாடல். புகைபோக்கி ஹல்லின் இடது ஓரத்தில். நான் டரட்டைக் கையில் எடுத்ததும் எண்ணுவது அந்த ஏழையும் ஐந்தையும்தான்.

டிராக் விஷயத்துல எது நல்லது? ரப்பர் மாதிரி வளையறதா, துண்டு துண்டா ஒட்டறதா?

இதில் எனக்குப் பட்சபாதம் உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கெட்டி பிளாஸ்டிக்கில் துண்டு துண்டாக வருவதுதான். ரெவெல் 1/72 டி-72எம்1-இல் அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள். மேலும் கீழும் நீளத் துண்டுகள், ஸ்ப்ராக்கெட்டையும் (டிராக்கை இழுக்கும் பல் சக்கரம்) ஐட்லரையும் (மறுமுனைச் சக்கரம்) சுற்றித் தனித்தனிக் கண்ணிகள். அசல் டிராக்கில் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடைவெளி 137 மி.மீ.; கிட்டில் 1.9 மி.மீ. ட்வீசரில் பிடித்தால் எகிறிப் போய் மொசைக் தரையில் மாயமாகிவிடும். பெரிய தட்டுக்குள் வைத்து வெட்டுங்கள். பசை பாதி காய்ந்து கண்ணிகள் இன்னும் வளையும் நிலையில் சக்கரத்தின்மேல் சுற்றினால் வளைவு இயல்பாக விழும்.

டிராகன் கொடுக்கும் டிஎஸ் ரகம் வளையும், ஆனாலும் பிளாஸ்டிக் பசையிலேயே ஒட்டும். அதையும் குறை சொல்ல மாட்டேன். பழைய வினைல் டிராக்தான் தொல்லை: பசை பிடிக்காது, பெயின்ட் உரியும், கொஞ்சம் குட்டையாக இருந்தால் கடைசிச் சக்கரத்தை இழுத்துச் சாய்த்துவிடும்.

எந்த ரகமானாலும் உள்பக்கத்தைத் திருப்பி எஜெக்டர் பின் வட்டங்கள் (அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளிய தடங்கள்) இருக்கிறதா பாருங்கள். டி-72-இல் ஒரு வசதி உண்டு. டிராக்கின் மேல் ஓட்டத்தையும் அதைத் தாங்கும் மூன்று ரிட்டர்ன் ரோலர்களையும் ஸ்கர்ட் மறைத்துவிடும். அங்கே உள்ள குறைக்காகக் கிட்டை நிராகரிக்காதீர்கள்.

கீழ் ஹல் உலோகத்துல வர்ற கிட் ஒண்ணு பார்த்தேன். அது மேலா?

மாடல்கலெக்ட் சில கிட்களில் அப்படித் தருகிறார்கள். கனம் கையில் நன்றாக இருக்கும், தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிளாஸ்டிக் பசை வேலை செய்யாது. சூப்பர் க்ளூ, உலோக பிரைமர் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

குழல் ரெண்டு பாதியா வருது. மாத்தணுமா?

அவசியமில்லை, ஆனால் கவனம் வேண்டும். டி-72எம்1 குழலின் மேல் வெப்ப உறை இருக்கும், அதைப் பிடிக்கும் பட்டைகளும் இருக்கும். இரண்டு பாதியையும் ஒட்டி இணைப்புக் கோட்டைத் தேய்க்கும்போது பட்டைகளும் சேர்ந்து தேய்ந்துவிடும். பட்டைக்கு இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி இடையிடையே மட்டும் தேய்க்கலாம். மிச்சக் கோட்டைப் பட்டையின் மேல் கத்தி முனையால் சுரண்டுங்கள். குழல் வாய் 125 மி.மீ., கிட்டில் 1.74. அதனால் 1.7 மி.மீ. டிரில் சரியாக இருக்கும். முதலில் ஊசியால் நடுவில் குத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டிரில் ஓரம் போகும்.

கமாண்டர் மூடியருகே உள்ள 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கி எல்லா கிட்டிலும் தடியாகத்தான் வரும். 26 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் 0.46 மி.மீ., அசலில் 33 மி.மீ.; குழலுக்குக் கண்ணளவில் பொருந்தும். மருந்துக்கடையில் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், சமாளியுங்கள்.

டரட் வழுவழுன்னு இருக்கு. வார்ப்பு எஃகு சொரசொரப்பு வேணாமா?

அசல் டரட் வார்ப்புதான். ஆனால் 2 மி.மீ. மேடுபள்ளம்கூட இங்கே 0.03 மி.மீ. ஆகிவிடும், கண்ணுக்குத் தெரியாது. 1/35 பழக்கத்தில் இடைவெளி நிரப்பும் புட்டியைக் குத்தித் தடவினால் டரட் பலாப்பழம் ஆகிவிடும். மேட் வார்னிஷ் போதும்.

இந்த கிட்டை வச்சு அர்ஜுன் பண்ணலாமா அண்ணா? அதுவும் ஆவடிதானே?

தொழிற்சாலைதான் ஒன்று தம்பி, வண்டி வேறு. அர்ஜுனுக்கு ஒரு பக்கம் ஏழு ரோடு வீல், பக்கவாட்டு தட்டையான பெரிய டரட், நான்கு பேர் குழு. டி-72-க்கு ஆறு வீல், உருண்ட டரட், தானியங்கி லோடர், மூன்று பேர். ஸ்ப்ரூவில் மிச்சம் மீதிதான் உதவும்.

டி-90 கிட் வாங்கி பீஷ்மா (நம்ம ராணுவ டி-90) ஆக்கலாமா?

அது நியாயமான வழி. ஆனால் பல டி-90 கிட்களில் குழலுக்கு இருபுறமும் ஏவுகணையைக் குழப்பும் 'ஷ்டோரா' விளக்குகள், அந்தச் சிவப்புக் கண்கள் இருக்கும். நம் ராணுவ டி-90எஸ்-இல் அவை கிடையாது, அந்த இடத்திலும் வெடிகவசக் கட்டிகள் (குண்டு பட்டால் வெடித்து வண்டியைக் காக்கும் கட்டிகள்)தான். வாங்கும் முன் ஸ்ப்ரூவில் உபரிக் கட்டிகள் இருக்கிறதா பாருங்கள்.

டீக்கால் (ஒட்டும் அடையாளப் படங்கள்)?

வேறு நாட்டு அடையாளங்கள்தான் பெரும்பாலும் வரும். இந்திய ராணுவ வண்டி எண்களில் மேல்நோக்கிய அம்புக்குறி உண்டு. அதைத் தனியாக அச்சிட வேண்டியிருக்கும். கிட் மதிப்பீட்டில் டீக்காலுக்கு நான் மதிப்பெண் கழிப்பதில்லை.

போட்டோவைப் பார்த்து 'டரட் ஷேப் தப்பு'ன்னு சொல்றாங்களே, நம்பலாமா?

எந்தத் தூரத்திலிருந்து எடுத்த படம் என்று கேளுங்கள். டாங்கியின் மூக்கருகே நின்று போனில் எடுத்தால் குழல் பெருத்து, டரட் பின்னால் சுருங்கித் தெரியும். தூரத்திலிருந்து ஜூம் செய்து நேர் பக்கவாட்டில் எடுத்த படமும், அளவுகள் எழுதிய வரைபடமும் சேர்ந்து ஒரே குறையைக் காட்டினால் ஒத்துக்கொள்ளலாம். காட்சிக்கு நிறுத்திய வண்டிகளிலும் எச்சரிக்கை வேண்டும், ஒன்றின் ஸ்கர்ட்டை இன்னொன்றுக்கு மாட்டி நிறுத்தியிருப்பார்கள். ஒரே வண்டியின் படத்தை வைத்துக்கொண்டு கிட்காரரைத் திட்டாதீர்கள்.