தாச்சியில் தண்ணீர் விடும் மாட்டிறைச்சி
சமையல் சந்தேகங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மரக்கறி போட்டு மாட்டிறைச்சி பிரட்டும்போதெல்லாம் தாச்சி நிறையத் தண்ணீர் ஊறிவிடுகிறது. அது வற்றும் வரை வைத்தால் இறைச்சி செருப்புத் தோலாகிறது, லீக்ஸ் கூழாகிறது. எங்கே பிழை விடுகிறேன்?
– வாசகி, தெமட்டகொடை

பதில்: அரைக் கிலோ இறைச்சியையும் ஒரேயடியாகக் கொட்டியிருப்பீர்கள். காய்ந்த தாச்சி அந்தக் கணமே ஆறிவிடும். வீட்டுக் கேஸ் அடுப்பால் அதை உடனே மீட்க முடியாது. அதற்குள் இறைச்சி நீர் விடத் தொடங்கும். நீர் நிற்கும் வரை அடிச்சூடு 100 பாகையை அதிகம் தாண்டாது. இறைச்சி சிவந்து மணக்கவோ 140 பாகைக்கு மேல் வேண்டும். ஆக, நீங்கள் செய்வது வதக்கல் அல்ல, அவியல். சாப்பாட்டுக் கடையில் அடுப்பின் சுவாலை பெரிது, ஒரு தடவைக்குப் போடும் இறைச்சியும் கொஞ்சம். வித்தியாசம் அவ்வளவுதான்.

நாலு பேருக்கு எலும்பில்லாத இறைச்சி 500 கிராம் எடுங்கள். அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் கத்திக்கு நழுவாமல் நிற்கும். நார் ஓடும் திசைக்குக் குறுக்கே, 3 அல்லது 4 மில்லிமீற்றர் தடிப்பில் வெட்டுங்கள். நாரோடு சேர்த்து நீளவாக்கில் வெட்டினால், பிறகு என்ன செய்தாலும் பல்லில் இழுபடும். சோயா சோஸ், சோள மா, எண்ணெய் ஒவ்வொன்றிலும் ஒரு மேசைக்கரண்டி விட்டுப் பிசறி 20 நிமிடம் ஊற விடுங்கள். கழுவிய இறைச்சி என்றால் முதலில் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். தண்ணீர்ப் பிரச்சினையில் பாதி அங்கேயே தீரும்.

தாச்சி வெறுமையாகக் காய்ந்து இலேசாகப் புகை எழும்பிய பிறகே எண்ணெய். இறைச்சியை மூன்று பங்காக்கி, ஒரு பங்கை மட்டும் பரப்பிப் போட்டு, முக்கால் நிமிடம் அகப்பையைத் தொடாதீர்கள். கிண்டிக்கொண்டே இருந்தால் சிவக்காது. பிரட்டிவிட்டு இன்னும் அரை நிமிடம்; உடனே கோப்பையில் எடுத்துவிடுங்கள். நடுவில் சற்று வேகாத சிவப்புத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், கடைசியில் திரும்பவும் தாச்சிக்கு வந்து முழுதாக வேகும். மற்றப் பங்குகளுக்கும் தாச்சி மறுபடி காய வேண்டும்.

பிறகு மரக்கறி. சரிவாகச் சீவிய கரட் ஒன்று, போஞ்சி 100 கிராம், இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து 2 நிமிடம். அடுத்து பெரிய வெங்காயம், கறிமிளகாய், லீக்ஸின் வெள்ளைப் பகுதி ஒரு நிமிடம். நசுக்கிய உள்ளி நாலு பல்லும் இஞ்சித் துண்டும் இப்போதுதான். முந்திப் போட்டால் கருகிக் கசக்கும். லீக்ஸின் பச்சை இலை கடைசி அரை நிமிடத்துக்கு. லீக்ஸை நீளவாக்கில் பிளந்து கழுவுங்கள், மடிப்புக்குள் மண் ஒளிந்திருக்கும்.

இறைச்சியைத் திரும்பச் சேர்த்து, சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டி, ஒயிஸ்டர் சோஸ் ஒரு மேசைக்கரண்டி, சீனி அரைத் தேக்கரண்டி, சோள மா ஒரு தேக்கரண்டி, தண்ணீர் நாலு மேசைக்கரண்டி கலந்த கரைசலை ஊற்றுங்கள். மா அடியில் படிந்திருக்கும், ஊற்றுமுன் ஒருதரம் கலக்குங்கள். குழம்பு பளபளத்துத் தடித்ததும் அடுப்பை அணைத்து, கரகரப்பாக இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி. உப்பை ருசி பார்த்த பிறகு யோசிக்கலாம், பெரும்பாலும் தேவைப்படாது.

கேள்வி: இறைச்சி மெத்தென்று வர அப்பச்சோடா போடச் சொல்கிறார்கள். போட்டேன், சவர்க்காரம் போல ருசித்தது.
– வாசகர், கொம்பனித்தெரு

பதில்: அளவு கூடியிருக்கும், அல்லது கழுவாமல் விட்டிருப்பீர்கள். 500 கிராமுக்கு முக்கால் தேக்கரண்டி, 15 நிமிடம், பிறகு இரண்டு தண்ணீரில் அலசி ஒற்றி எடுக்க வேண்டும். சோடா இறைச்சியின் மேற்பரப்புக்கு (அமிலத்துக்கு எதிரான) காரத்தன்மை கொடுப்பதால் புரதம் சூட்டில் இறுகிப் பிணைவது குறைகிறது. பப்பாசிக்காய் விழுதும் உதவும், ஒரு தேக்கரண்டி போதும். இரவு முழுக்க ஊறப்போட்டால் இறைச்சி களியாகிவிடும்.

ஆனால் கெண்டைக்கால், கழுத்து இறைச்சிக்கு இந்த வித்தைகள் எதுவும் சரிவராது. அவற்றின் சவ்வு கரைய மணிக்கணக்கில் ஈரச் சூடு வேண்டும், கறிக்குத்தான் அவை. பிரட்டலுக்கு அண்டர்கட் (முதுகெலும்பின் உட்புறத்து மென்மையான இறைச்சி) கேளுங்கள். விலை கூடுதலாகப் பட்டால் தொடையின் மெலிந்த பகுதி.

கேள்வி: போயா தினத்தில் இறைச்சிக் கடை பூட்டு என்பதால் முதல் நாளே வாங்கி ஃப்ரீசரில் வைக்கிறோம். கட்டியாக உறைந்துவிடுகிறதே?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: ஒரு நாளைக்குத்தான் என்றால் ஃப்ரீசரே வேண்டாம், குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் மூடி வையுங்கள். கூடுதல் நாளுக்கு என்றால், வெட்டிய துண்டுகளைச் சமையலுக்கு ஒரு பையாகப் பிரித்து, பையைத் தட்டையாக அமுக்கி உறைய விடுங்கள். முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றினால் காலையில் இளகியிருக்கும். வெந்நீரில் போட்டு அவசரப்படுத்தினால் விளிம்பு வெந்துவிடும், நடு கல்லாகவே கிடக்கும். உறைந்து இளகிய இறைச்சி கூடுதலாக நீர் விடும். ஒற்றி எடுப்பதில் சோம்பல் கூடாது.

கேள்வி: தேங்காயெண்ணெயில் செய்யலாமா?
– வாசகர், மட்டக்குளி

பதில்: சுத்திகரித்த வெள்ளை எண்ணெய் என்றால் தாராளமாக. மணமுள்ள கன்னித் தேங்காயெண்ணெய் சீக்கிரம் புகைந்து கசக்கும்.

கேள்வி: இதையே டெவல் ஆக்குவது எப்படி?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: கரட், போஞ்சியை விட்டுவிட்டு வெங்காயம், கறிமிளகாய், தக்காளியைப் பெரிய சதுரங்களாக வெட்டுங்கள். ஒயிஸ்டர் சோஸுக்குப் பதில் தக்காளி சோஸ் மூன்று மேசைக்கரண்டி, இடித்த செத்தல் மிளகாய் இரண்டு தேக்கரண்டி, வினாகிரி ஒரு தேக்கரண்டி. தக்காளி சோஸில் சீனி இருப்பதால் அடிப்பிடிக்கும். அதை ஊற்றியதும் தீயைக் குறையுங்கள். தக்காளித் துண்டு கடைசி அரை நிமிடத்துக்கு மட்டும், இல்லையென்றால் மறுபடியும் தண்ணீர்.