அனோரெக்சியா உள்ளவர்களுக்குப் பசியே எடுக்காதா?

உடல் ஆபத்தான அளவு மெலிந்த பிறகும் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் நோய்தான் அனோரெக்சியா நெர்வோசா. இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்ற பசி ஹார்மோன் இவர்கள் ரத்தத்தில் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கிறது. 'போதும்' என்று சொல்லும் லெப்டின் குறைந்துவிடுகிறது. மேலூர் பக்கம் கண்மாய் நிரம்பிக் கிடந்தும் மடை திறக்காமல் வயல் காய்வது போலத்தான் இது. அடைப்பு மூளையில். சாப்பிடாமல் இருக்கும்போது பலருக்குப் பதற்றம் தணிகிறது. அதையே திரும்பத் திரும்பச் செய்ய, பழக்கங்களை நடத்தும் ஸ்ட்ரையேட்டம் பகுதி உணவுத் தேர்வைத் தன் பிடிக்குள் கொண்டுவந்துவிடுகிறது என்று மூளை ஸ்கேன் ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால்தான் தட்டில் இரண்டு இட்லி இருந்தாலும், பொடிப்பொடியாகப் பிய்த்து அரை மணி நேரம் ஒதுக்கிக்கொண்டே இருப்பார்கள்.

வீட்டார் ஒன்றை மறக்கவே கூடாது: பல நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக வயிறு நிறையப் போடாதீர்கள். இன்சுலின் திடீரென ஏறி, ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் போய்விடும்; இதயத் துடிப்பே தடுமாறலாம். மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்து, தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, அளவைப் படிப்படியாகக் கூட்டுவார்கள்.

'ஒல்லியாகணும்னு பொம்பளப் பிள்ளைங்க பிடிக்கிற பிடிவாதம்' என்பது தவறு: ஆண்களுக்கும் வருகிறது, 2019இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு இந்நோயோடு தொடர்புள்ள 8 மரபணுப் பகுதிகளை அடையாளம் கண்டிருக்கிறது.