டேலி ஹோ விளையாட்டில் எந்தக் குணத்தோடு ஆடினால் நல்ல முடிவு கிடைக்கும்?

கேட்டவர் டேலி ஹோவை மூன்று முறை ஆடி முடித்திருக்கிறார். ஒவ்வொரு இடத்திலும் நிதானமாக யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தாராம். ஆனாலும் முக்கியமான கட்டம் வரும்போது காரியம் கைகூடாமல் போய்விடுகிறது, முடிவும் அரைகுறையாகவே வருகிறது என்கிறார்.

எனக்கும் முதல் தடவை இதேதான் நடந்தது. அதற்குக் காரணம் நீங்கள் தப்பாக யோசித்தது இல்லை. ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாக யோசித்ததுதான் காரணம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டேலி ஹோ என்பது க்ரெக் சீகல் எழுதி, சாய்ஸ் ஆஃப் கேம்ஸ் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட எழுத்து விளையாட்டு. படமும் ஒலியும் கிடையாது. படித்துக்கொண்டே போவோம், அங்கங்கே கதை நின்று அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கும், நாம் ஒன்றை அழுத்துவோம். மொத்தம் 6,00,000 ஆங்கிலச் சொற்கள். ஒரு முறை ஆடும்போது அதில் ஒரு பகுதிதான் நம் கண்ணில் படும். இங்கிலாந்துப் பணக்காரக் குடும்பங்களின் மாளிகை விருந்து, அதில் நாம் ரோரி வின்டர்மின்ட் என்ற முதலாளியின் அந்தரங்கப் பணியாளர். ரோரிக்கு ஜாலியாகத் திரிய ஆசை, அத்தை ப்ரிம்ரோஸுக்கோ வேறு எதிர்பார்ப்புகள், நடுவில் மாட்டிக்கொண்டு சமாளிக்க வேண்டியவர் நாம். பி. ஜி. உட்ஹவுஸ் எழுதிய, ஜீவ்ஸ் என்ற கெட்டிக்காரப் பணியாளர் வரும் நகைச்சுவைக் கதைகளின் தாக்கத்தில் எழுதப்பட்டது என்று வெளியீட்டாளர்களே சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த நிறுவனத்தின் விளையாட்டுகள் எல்லாம் சாய்ஸ்ஸ்கிரிப்ட் என்ற எளிய நிரல் மொழியில் எழுதப்படுகின்றன. அதற்குள் நம் குணங்கள் ஒவ்வொன்றும் 0 முதல் 100 வரையிலான ஓர் எண்ணாக இருக்கும். பெரும்பாலும் பகடை உருட்டுகிற வேலை இருக்காது, உங்கள் எண் இத்தனையைத் தாண்டியிருந்தால் காரியம் பலிக்கும், இல்லையென்றால் சொதப்பும், அவ்வளவுதான். அந்த எண்களைக் கூட்டிக் கழிக்க சாய்ஸ்ஸ்கிரிப்ட்டில் ஃபேர்மேத் என்று ஒரு முறை இருக்கிறது, நான் நிரலைக் கொஞ்சம் நோண்டிப் பார்த்த பிறகுதான் அது எனக்குப் புரிந்தது. 20 சதவீதம் கூட்டு என்றால் இருக்கிற எண்ணோடு அப்படியே 20 சேர்வதில்லை. 100-ஐத் தொட இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறதோ அதில் 20 சதவீதம் சேரும். ஐம்பதில் ஆரம்பித்தால் முதலில் 60, அடுத்து 68, அப்புறம் சுமார் 74. ஏற ஏற ஏற்றம் சின்னதாகிக்கொண்டே போகும். கழிக்கும்போது இது தலைகீழ், இருக்கிற எண்ணில் 20 சதவீதம் போய்விடும். அதாவது 74-இல் நிற்கும்போது ஒரே ஒரு முறை எதிர்ப்பக்கம் போனால் 59-க்கு வந்துவிடுவீர்கள். மூன்று முறை ஏறியதில் இரண்டு முறை ஏறியது ஒரே அழுத்தில் போச்சு.

இதை ஒரு முறை தாளில் எழுதிப் பாருங்கள், எங்கே சறுக்குகிறது என்று தெரிந்துவிடும். ஓர் இடத்தில் துணிச்சலாகப் பேசுவது நல்லதாகப் படுகிறது, பேசுகிறோம். அடுத்த இடத்தில் பணிவாக இருப்பது நல்லதாகப் படுகிறது, பணிகிறோம். அதற்கடுத்து ஒளிந்து கேட்கலாம் என்று தோன்றுகிறது, ஒளிகிறோம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே புத்திசாலித்தனமான முடிவுகள். ஆனால் கதையின் பிற்பகுதியில், எந்தக் குணமும் ஐம்பதை விட்டுப் பெரிதாக நகராத ஒரு பணியாளர்தான் மிஞ்சுவார். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும், எதுவும் முழுசாக வராது. கதையும் அவரை அப்படித்தான் நடத்தும். மற்ற பாத்திரங்களுக்கும் இவர் யாரென்று பிடிபடாது.

அதனால் என் பதில் இதுதான்: எந்தக் குணம் என்பதைவிட, எடுத்த குணத்தை விடாமல் இருப்பதுதான் முக்கியம். நான் இரண்டாவது தடவை ஆடியபோது ஆரம்பத்திலேயே ஒரு முடிவு எடுத்தேன். என் ஆள் நேருக்கு நேர் எதிர்த்துப் பேசமாட்டார், எதையும் மறைமுகமாகவே சாதிப்பார், ரோரியைக் காப்பாற்ற எந்தப் பொய்யும் சொல்வார், ஆனால் ரோரியிடம் மட்டும் பொய் சொல்லமாட்டார். இதை ஒரு சீட்டில் எழுதி மேசை மேல் வைத்துக்கொண்டேன். எந்த இடத்தில் கதை நின்றாலும் "எது நல்லது" என்று கேட்கவில்லை, "இவர் என்ன செய்வார்" என்று மட்டும் கேட்டேன். ஒன்றிரண்டு இடத்தில் மனசுக்குக் கஷ்டமாகவே இருந்தது, ஏனென்றால் உண்மையைச் சொல்லிவிடலாமே என்று எனக்குத் தோன்றியது, ஆனால் அவர் சொல்லமாட்டார். அந்தத் தடவைதான் கதை எனக்கு முழுசாகத் திறந்தது. காரியங்கள் பலித்தன என்பதோடு, வசனங்களே வேறாகத் தெரிந்தன, பேசுவது யார் என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரிந்திருந்தது.

இன்னொரு விஷயம், இந்த வகைக் கதையில் உண்மை பேசுவது எப்போதும் பாதுகாப்பான வழி இல்லை. நம்மில் பலர் விளையாட்டு என்றாலே நேர்மையான பதிலுக்குப் பரிசு இருக்கும் என்று பழகியிருக்கிறோம். ஆனால் அந்தக் கால இங்கிலாந்தில் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டு ஓர் ஆண் பின்வாங்கினால் வழக்கே போடலாம், நஷ்டஈடு கேட்கலாம். 1971 தொடக்கத்தில்தான் அங்கே அந்த வழக்குரிமை ஒழிந்தது. பெண் முறித்துக்கொண்டால் பெரிதாகச் சொல்லமாட்டார்கள், ஆண் முறித்தால் பெயர் கெட்டுவிடும். அதனால்தான் இந்த மாளிகைக் கதைகளில் ஒருவர் வாய்தவறி நிச்சயம் ஆகிவிடுவதும், அதை எதிர்த்தரப்பே முறிக்கும்படி பணியாளர் தந்திரம் செய்வதும் திரும்பத் திரும்ப வருகின்றன. அங்கே பளிச்சென்று உண்மையைச் சொன்னால் முதலாளியின் மானம் போகும். பொய், மௌனம், தற்செயல் போல நடத்திக் காட்டுவது எல்லாம் இந்த உலகத்தில் பணியாளரின் தொழில் திறமைகள். இவற்றை அழுத்தும்போது கெட்ட ஆளாக ஆடுகிறோமோ என்று தயங்க வேண்டாம்.

நாம் பட்லர் இல்லை என்பதையும் மனசில் வையுங்கள், ஜீவ்ஸையே பலர் பட்லர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பட்லர் அந்த வீட்டுக்குச் சொந்தமானவர், வீட்டு வேலையாட்களை மேய்ப்பவர். நம்மைப் போன்ற அந்தரங்கப் பணியாளர், அவர்கள் பேச்சில் வாலே, ஒரு மனிதருக்குச் சொந்தமானவர். முதலாளி எங்கே விருந்துக்குப் போனாலும் பெட்டியோடு கூடவே போவார், ஒரு நாளைக்கு எத்தனை முறை உடை மாற்ற வேண்டுமோ அத்தனைக்கும் எடுத்து வைப்பார். அந்த மாளிகைகளில் ஒரு வழக்கம் இருந்தது: விருந்தாளியோடு வந்த பணியாளரை, வேலையாட்கள் இருக்கும் கீழ்த்தளத்தில் அவருடைய சொந்தப் பெயரால் கூப்பிடாமல் முதலாளியின் பெயராலேயே கூப்பிடுவார்கள், சாப்பாட்டு மேசையில் உட்காரும் வரிசையும் முதலாளியின் அந்தஸ்தை வைத்துத்தான். எனக்கு இதைப் படித்தபோது மனசு என்னவோ செய்தது. உன் பெயரே உன்னுடையது இல்லை. டேலி ஹோவில் ரோரியின் நிலை உயர்வதும் தாழ்வதும் நம் முடிவை இவ்வளவு தூரம் பாதிப்பதற்கு இந்த உலகமே அப்படிக் கட்டப்பட்டிருப்பதுதான் காரணம். இருந்தாலும் ரோரியைக் கைவிட்டுத் தன் வழியில் போகிற பணியாளராக ஆடலாம், அதற்கும் விளையாட்டு இடம் கொடுக்கிறது. ஆனால் முதல் அத்தியாயத்திலிருந்தே அப்படி ஆடுங்கள். பாதி வரை விசுவாசமாக இருந்துவிட்டு அப்புறம் திரும்பினால் இரண்டு பக்கமும் ஒன்றும் கிடைக்காது.

முழுக்க வேறு மாதிரி வேலை செய்கிற விளையாட்டும் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க நல்லது. இன்ஃபோகாம் நிறுவனம் 1986-இல் வெளியிட்ட மூன்மிஸ்ட், ஸ்டூ காலியும் ஜிம் லாரன்ஸும் எழுதியது. கார்ன்வால் பகுதியில் ட்ரெசிலியன் கோட்டை, அங்கே ஒரு பேய், நம் தோழி டமாரா பயந்துபோய் நம்மை அழைக்கிறாள். கோட்டை வாசலில் உங்களுக்குப் பிடித்த நிறம் என்ன என்று கேட்பார்கள். மரியாதைக்குக் கேட்கிறார்கள் என்று நினைப்போம், பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் இவற்றில் எதைச் சொல்கிறோமோ அதை வைத்துத்தான் யார் குற்றவாளி, எது புதையல், எங்கே ஒளிந்திருக்கிறது என்பதெல்லாம் மாறும். ஒரே கோட்டையில் நான்கு கதைகள். யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் நான் யார் என்பது அங்கே ஒன்றையும் மாற்றாது, நிறம்தான் மாற்றுகிறது. டேலி ஹோவில் இது நேரெதிர், கதை நடக்கிற இடமும் ஆட்களும் அப்படியே இருக்க, நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன அழுத்தல்கள் சேர்ந்து நம்மை ஓர் ஆளாக ஆக்குகின்றன. இதனால்தான் நான் டேலி ஹோவை உயர்வாக நினைக்கிறேன்.

நீங்கள் அடுத்த முறை ஆடும்போது குணங்களைக் காட்டும் பக்கத்தை முதல் இரண்டு அத்தியாயம் முடிந்ததும் ஒரு முறை திறந்து பாருங்கள். அங்கே ஒன்றோ இரண்டோ தெளிவாக மேலே ஏறியிருக்க வேண்டும். எல்லாம் நடுவிலேயே நின்றால் தொடராமல் திரும்ப ஆரம்பிப்பது நல்லது, ஏனென்றால் இந்த விளையாட்டுகளில் நடுவில் சேமித்துவைத்துப் பின்னால் போகும் வசதி வழக்கமாகக் கிடையாது, அழுத்தியது அழுத்தியதுதான். தொடக்க அத்தியாயங்கள் இலவசம் என்பதால் அங்கேயே இரண்டு மூன்று ஆட்களை முயன்று பார்த்துவிட்டுப் பிடித்தவரைத் தொடரலாம்.

இதே எழுத்தாளர் பிறகு ஜாலி குட்: கேக்ஸ் அண்ட் ஏல் என்று ஒன்று எழுதியிருக்கிறார், அதில் நாம் பணியாளர் இல்லை, அந்தச் சொகுசு வர்க்கத்து ஆளே நாம்தான். தயவுசெய்து டேலி ஹோவை முடித்துவிட்டு அதைத் தொடுங்கள். கீழ்த்தளத்தில் ஒரு வார இறுதியைக் கழித்த பிறகு மேல்தளத்தில் உட்காரும்போது, தேநீர் கொண்டுவந்து வைப்பவரின் முகத்தை நீங்கள் கட்டாயம் நிமிர்ந்து பார்ப்பீர்கள்.